கூரைக்குக் கீழே ஒரு பொம்பளை

யுத்தம் முடிந்து மலேயாவிலிருந்து எழுமலைக்குத் திரும்பிய என் வீட்டுக்காரரிடம் எலும்பும் தோலும், வலது கையில் பச்சை குத்திய ஓர் எழுத்தும்தான் மிச்சம். மேலே கூரை மாதிரி ஒரு கோடு. அடியில் காலை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி ஒரு கிறுக்கல். கேட்டவர்களிடமெல்லாம் "புலின்னு அர்த்தம்" என்றார். ஊரும் நம்பியது. டீக்கடையில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டுதான் உட்காருவார். வீட்டுக்கு வந்தால் புலி தன் ஆத்தாளைக் கண்டு பம்முவது எனக்கல்லவா தெரியும்.

புலிக்கு ஒருநாள் கடைவாய்ப்பல் வலி. மதுரையில் பல் பிடுங்கும் சீனாக்காரர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். ரங்கூனில் தமிழ் ஆட்களோடு பழகியவர், தமிழ் நன்றாகவே பேசுவார். குறடும் கையுமாக வந்தவர் அந்தக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யார் எழுதினது?"

"புலிங்க" என்றேன் நான். வாயைப் பிளந்து வைத்திருந்த என் வீட்டுக்காரரால் பேச முடியவில்லை.

"புலி இல்லேம்மா, இது எங்க சீன எழுத்து. மேல கூரை, கீழ பொம்பள. வீட்டுக்குள்ள பொம்பள இருந்தா நிம்மதி. அந்தக் காலத்துல அப்படித்தான் இந்த எழுத்த உண்டாக்குனாங்க."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் உண்மையைச் சொன்னார். மலேயாவிலிருந்து சப்பான்காரன் பிடித்துப்போய், சயாமில் ரயில் ரோடு போடும் வேலையில் காய்ச்சல் கண்டு கிடந்திருக்கிறார். அங்கே காவல் நின்றவன் ஒரு கொரியாக்காரன். அவனையும் சப்பான்காரன்தான் இழுத்து வந்திருந்தான்.

"அவங்களுக்கும் இதே சீன எழுத்து உண்டாம், இத 'அன்'னு வாசிச்சான். அவங்க ஊர்ல ஆளப் பாத்ததும் 'நல்லாருக்கியா'ன்னு கேக்குற வார்த்தை இதுலதான் தொடங்குமாம். செத்துராதடாங்குற மாதிரி கரிக்கட்டையால எழுதிட்டுப் போனான். அழிஞ்சா உசுரு போயிரும்னு பயந்து, பக்கத்துல கெடந்தவன விட்டு ஊசியால குத்திக்கிட்டேன்."

"பெறகு எதுக்குப் புலி?"

"நல்லாருக்கியான்னு கையில எழுதியிருந்தா டீக்கடையில எவன் மதிப்பான்? சப்பான்காரன் கடையில இதே எழுத்துக்கு மலிவுன்னு வேற அர்த்தம்."

"அதுதான் ஒங்களுக்குப் பொருத்தம்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"ஏங்க, அந்த எழுத்துல எத்தன பொம்பள?"

"ஒண்ணு."

"நம்ம வீட்டுல?"

மாமியார், ஓரகத்திகள் இருவர், நான். அவர் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் வீக்கம் வடிந்ததும் தன் ஆத்தாளிடம் போய்ப் பேசினார்.

"ஒரு சீனாக்காரன் சொன்னான்னு குடும்பத்தப் பிரிப்பியாடா?"

"கொரியாக்காரனும் அதேதான் ஆத்தா எழுதியிருக்கான்."

சமயநல்லூரில் ஓலை வேய்ந்த ஒரு வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போனோம். முதலில் அடுப்புப் போடுவதா, ஓட்டைக் கூரையை வேய்வதா என்று அன்றைக்கே சண்டை. வீட்டில் நான் ஒரே பொம்பளைதான், ஆனாலும் நிம்மதி கிடைத்ததாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஒருநாள் எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்த மாமியார் மூட்டையை மூலையில் வைத்துவிட்டு நீட்டிப் படுத்தார்.

"ரெண்டு மருமக இருக்குற வீட்டுல மனுசி இருப்பாளா?" என்றார். கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.