இருபத்திரண்டு நிமிஷப் பாட்டும் எங்கள் டீசல் மெக்கானிக்கும்

போன ஞாயிறு திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். விழுப்புரத்திலிருந்து காலையிலேயே காரில் கிளம்பிவிட்டோம். ஓட்டியது மாமா - அக்காவின் கணவர், டீசல் மெக்கானிக். பின் சீட்டில் அக்கா, மடியில் சீர்த்தட்டு.

எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு பாட்டு. நடுவில் யாரும் மாற்றக் கூடாது.

விக்கிரவாண்டி தாண்டியதும் என் முறை வந்தது. நான் போட்ட பாட்டு... இருபத்திரண்டு நிமிஷம்.

திருட்டுத்தனம்தான். வேறென்ன செய்வது? ஒரு மாதமாக ஒரு புராகிரசிவ் மெட்டல் ஆல்பம் - நீள நீளமான முரட்டு ராக் பாட்டுகள் - என்னை ஆட்டிவைக்கிறது. இரட்டை ஆல்பம். இரண்டு பாகம், ஒரே கதை. ஆரம்பத்தில் ஒற்றை கிடார் முணுமுணுத்த மெட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இடி மாதிரி வந்து இறங்குகிறது. ரீல்ஸ் காலத்தில் இப்படி ஒன்றைச் செய்ய எவ்வளவு கொழுப்பு வேண்டும்? யாராவது ஒருவர் இதில் ஒரு பாட்டையாவது என்னோடு முழுசாகக் கேட்டுவிட மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் மூன்றாம் நிமிஷமே போனை எடுத்துவிடுகிறார்கள். ஓடும் காரிலிருந்து எங்கே போவார்கள்?

"ஏங்க, தல வலிக்குது. மாத்துங்க" என்றாள் அக்கா.

மாமாவின் கட்டைவிரல் ஸ்டியரிங் பட்டனுக்குப் போனது. சட்டம் கோவிந்தா என்று நினைத்தேன். விரல் அங்கேயே நின்றது.

"இருடி. ஒரு சிலிண்டர் மிஸ் ஆவுது."

"வண்டியிலயா?"

"பாட்டுலடி."

ஸ்டியரிங்கில் தட்டிக் காட்டினார். எட்டு அடி விழ வேண்டிய இடத்தில் டிரம்மர் ஏழோடு திரும்பிவிடுகிறார். நான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதி. இன்ஜின் கேட்டுப் பழகிய காது ஒரே நிமிஷத்தில் பிடித்துவிட்டது.

"சுத்துக்குச் சுத்து அதே எடத்துலதான் வுடுறான் பாரு. ரிப்பேர் இல்லம்மா இது. வேணும்னே பண்ணிக்கினு இருக்கான்." மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கூட்டேரிப்பட்டு போனது. திண்டிவனம் வந்தது. மண்டப வாசலில் கார் நின்றது - பாட்டு நிற்கவில்லை.

"எறங்குங்க. தாலியே கட்டிடப் போறாங்க."

"நீ போ. அந்த எட்டாவது அடி வருதான்னு பாத்துட்டு வர்றேன்."

வந்தது. கடைசி நிமிஷத்தில், எட்டும் முழுசாக. மாமா சந்தோஷத்தில் ஓங்கித் தட்டிய தட்டில் ஹாரன் அலறி, சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரிய படைப்பை ரசிக்கப் பெரிய ஞானம் வேண்டுமா என்ன? காது எல்லாரிடமும் தயாராகத்தான் இருக்கிறது - எதையெதையோ கேட்டுக் கேட்டு. பட்டனில் வைத்த விரலைக் கொஞ்சம் நிறுத்தினால் போதும்.

திரும்பும்போது முதல் முறை மாமாவுடையது. "இன்னொரு பாகம் இருக்குதுன்னியே... அத்தப் போடு" என்றார்.

அக்கா பஸ்ஸில் வந்துவிட்டாள்.