வெள்ளையாக வந்த பக்கம்

அலுவலகத்தில் அவளைப் பச்சைக்கிளி என்பார்கள். அழகைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று பேசும் கூட்டத்தில் அவள் முறை வந்தால், "எல்லாம் பச்சை" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொன்னதையே சொல்கிறாளே என்று எவனோ ஒருவன் கிளி என்று வைத்தான், ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்குள் டீ ஆறிப்போகும். ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியின் இணையதளம் அவள் கம்பெனியின் பொறுப்பு. காலையில் ஒரு கம்ப்யூட்டர் நிரல் தானாகவே பிரவுசரைத் திறந்து, நோயாளி மாதிரி உள்ளே போகும். பெயர் போடும், தேதி எடுக்கும், பட்டனை அமுக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். அந்தப் படத்தை, இதுதான் சரி என்று முன்பே ஒப்புக்கொண்டு வைத்திருக்கும் மாஸ்டர் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு. மயிரிழை மாறினாலும் சிவப்பு. புதுப் போன் போல, பழைய போன் போல, கம்ப்யூட்டர் போல என்று எல்லா வேஷத்திலும் போய்வரும்.

சிவப்பு வந்த படங்களை மட்டும்தான் அவள் திறந்து பார்க்க வேண்டும். பழுது என்றால் எழுதி அனுப்ப வேண்டும். தெரிந்தே செய்த மாற்றம் என்றால் "ஏற்கிறேன்" என்று அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் புதுப் படம்தான் இனி மாஸ்டர். நேற்றுவரை தப்பு, இன்றிலிருந்து சரி. "கடவுளுக்கே இல்லாத அதிகாரம் எனக்குக் குடுத்திருக்காங்க" என்று வீட்டில் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா அப்பா போன பிறகு இவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்காதான். பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். ஷூ லேஸ் கட்டாமல் வாசலில் தூங்கி வழியும் பிள்ளைகளைத் தெருவே அதிர ஹாரன் அடித்து எழுப்புவாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன் அக்கா. திட்டு வாங்காத பிள்ளை அந்த வேனில் கிடையாது. அவள் லீவு போட்டால் அழாத பிள்ளையும் கிடையாது.

முதலில் வலது கண், ஏதோ கிருமி புகுந்து, போயே போய்விட்டது. வேனை விட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணோடு வீட்டு வேலைகளைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணின் கருவிழியும் மங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். யாராவது தானம் கொடுக்கும் கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும். ஆனால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறிக்கொண்டிருக்கிறது. மருந்து அதைக் கொஞ்ச நாள்தான் பிடித்து வைக்கும். உள்ளே நரம்பு செத்துவிட்டால் அப்புறம் யார் கண்ணை வைத்தும் பிரயோஜனமில்லை.

வரிசையில் பெயர் எழுதினார்கள். முறை வந்தால் போனுக்குச் செய்தி வரும். அதிலுள்ள சுட்டியைத் தொட்டு, திறக்கும் பக்கத்தில் "வருகிறேன்" என்ற பட்டனை அன்றே மதியத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தானமாக வந்த கண் யாருக்காகவும் காத்திருக்காது.

"அந்தப் பக்கம் எங்க கம்பெனி பண்ணதுதான்கா. தினம் காலையில அதைச் சரியா இருக்கான்னு பாக்குறதே நான்தான்" என்றாள் தங்கை. அக்காவுக்கு அது பெரிய தைரியம். பக்கத்து வீட்டுக்காரியிடம், "என் கண்ணு விஷயம் வெளியாள் கையில இல்ல, என் தங்கச்சி கையிலதான் இருக்கு" என்று பெருமையடித்துக்கொண்டாள். எதைப் பெருமையாகச் சொல்கிறோமோ அதுதான் காலை வாரும் என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு நாள் பழைய நீல நிறம் அலுத்துவிட்டது. தளம் முழுக்க வெளிர் ஊதா வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள். மறுநாள் காலை பச்சைக்கிளியின் திரை ரத்தக் காடாக இருந்தது. ஒரு பக்கம் பாக்கியில்லாமல் சிவப்பு. மாறியது நிறம் மட்டும்தான், ஆனால் நிரலுக்கு அது எப்படித் தெரியும்? அத்தனை படத்தையும் அவள்தான் திறந்து பார்த்து ஏற்க வேண்டும்.

அவளுடைய மேலாளருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சீக்கிரம். "குட் மார்னிங்" என்பதற்குப் பதிலாக "சீக்கிரம்" என்பார். அன்றைக்கு அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

"என்னம்மா, கலர் மாறினதைப் பாக்க இவ்வளவு நேரமா? சீக்கிரம்."

"ஒவ்வொண்ணா பாத்துட்டு இருக்கேன் சார்."

"பாத்து என்ன பண்ணப்போற? எல்லாம் ஊதா. ஏத்துக்கோ, போ."

அவள் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். பழைய போன் வேஷத்தில் எடுத்த படங்களின் கடைசியில் அந்த "வருகிறேன்" பக்கம் இருந்தது. படம் வெள்ளையாக இருந்தது. பட்டன் இல்லை, எழுத்து இல்லை, ஊதாவும் இல்லை.

அவள் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தாள். ஆனால் இப்படி வெள்ளைப் படம் வருவது அங்கே அன்றாடக் கூத்து. பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமானால், நிரல் பொறுக்காமல் முன்கூட்டியே படத்தை எடுத்துவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அவசரக்குடுக்கை. மறுபடி ஓட்டினால் சரியாக வந்துவிடும். புலி வருது, புலி வருது என்று எத்தனையோ தடவை ஏமாற்றிய வெள்ளை அது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் சேர்த்து "ஏற்கிறேன்" அமுக்கினாள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேலாளர் சீக்கிரம் வேறொரு வேலையோடு நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்குப் புலி நிஜமாகவே வந்திருந்தது. புது நிறத்தோடு போட்ட ஏதோ ஒன்று பழைய போன்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் அவற்றில் திறக்கவே இல்லை. மறுநாள் நிரல் போனது, வெள்ளைப் பக்கத்தைப் படம் எடுத்தது, மாஸ்டரோடு வைத்துப் பார்த்தது. அதுவும் வெள்ளை. இரண்டும் அச்சு அசலாக ஒன்று. பச்சை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது மனிதர்கள் மட்டுமில்லை. சிவப்பு வராத படத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை, பச்சைக்கிளிக்கும் இல்லை. புதுப் போன்காரர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் திறந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்தும் புகார் வரவில்லை. "எல்லாம் பச்சை" என்று அவளும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் இருந்தது பழைய போன். தங்கை புதுசு வாங்கியபோது, கண்ணாடி மாற்றித் துடைத்துக் கொடுத்த போன்.

செய்தி வந்த காலையில் அக்கா போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"குட்டி, வந்திருச்சுடி! என் முறை வந்திருச்சாம்!"

"நிஜமாவா? அமுக்கிட்டியா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். தொட்டா ஒரு பக்கம் தொறக்குது. வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே இல்ல."

தங்கை திரையைத் திருப்பிப் பார்த்தாள். "வருகிறேன்" பக்கம், பழைய போன், பச்சை. அன்று காலையில் ஓடியது.

"இங்க சரியாத்தான்கா இருக்கு. காலையிலகூட ஓட்டிப் பாத்தாச்சு."

"இல்லடி. மெசேஜ் படிக்க முடியுது. மேல மணி தெரியுது. இது மட்டும் வெறும் வெள்ளை."

"அது வெளிர் ஊதாவுல வெள்ளை எழுத்துக்கா. நல்லா இருக்கிற கண்ணுக்கே கொஞ்சம் சிரமம். உன் கண்ணுதான்கா, பக்கம் இல்ல."



"அப்படியா," என்றாள் அக்கா. "கண்ணுதான் போல."

"நான் சொல்ற இடத்துல அமுக்கு. கீழ, நடுவுல. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டன் இருக்கும்."

"அமுக்கிட்டேன்."

"எதுக்கும் இன்னொரு தடவை."

"அமுக்கிட்டேன்டி."

"அப்ப முடிஞ்சுது. பையை எடுத்து வை, நான் வந்துடறேன்."

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுடைய புதுப் போனில் பக்கம் திறந்திருக்கும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தாலும் போதும். ஊரார் பக்கங்களை எல்லாம் படம் எடுத்துப் பார்க்கிறவளுக்குச் சொந்த அக்கா கையில் இருந்த திரையைப் படமாகக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றும் அவள்மேல் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். வெள்ளைக் கண்ணாடியில் ஒன்றுமில்லாத இடத்தை அக்கா கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள், அழுத்திவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

செய்தியில் வரச் சொல்லியிருந்தபடி மறுநாள் மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா தலைக்குக் குளித்திருந்தாள். கட்டு போட்டால் அப்புறம் எப்போது குளிக்க விடுவார்களோ என்று.

கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க வர்றதா உறுதி பண்ணலையேம்மா."

"பண்ணேனே. அமுக்கினேனே," என்றாள் அக்கா.

"வரலம்மா. போனும் அடிச்சோம், பிஸியாவே இருந்துச்சு. மதியத்துக்கு அப்புறம் அடுத்தவங்களுக்குக் குடுத்தாச்சு. இன்னிக்குக் காலையில முதல் ஆபரேஷனே அவங்களுக்குத்தான், முடிஞ்சிருச்சு."

போன் ஏன் பிஸியாக இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணு வரப்போகுது என்று அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

பச்சைக்கிளி அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேராக அலுவலகம் போனாள். மாஸ்டர் படத்தைத் திறந்தாள். வெள்ளை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள், ஏதாவது ஒரு மூலையில் மங்கலாகவாவது பட்டன் இருக்காதா என்று. இல்லை. கீழே நடுவில், அவள் அக்காவை அமுக்கச் சொன்ன இடத்தில், வெள்ளை மட்டும்தான். சாப்பிடப் போன அந்த மதியம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

பழுதை எழுதி அனுப்பினாள். டீ குடித்துவிட்டு வந்த ஒரு பையன் ஒரே ஒரு வரியை மாற்றினான், பக்கம் திறந்துவிட்டது. மறுநாள் கூட்டத்தில் மேலாளர் சீக்கிரம் எல்லோருக்கும் முன்னால், "பெரிய பழுதைப் பிடிச்சது யாரு? நம்ம பச்சைக்கிளி!" என்றார். கை தட்டினார்கள். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பச்சையாக வந்த படங்களையும் ஒன்று விடாமல் திறந்து பார்க்கிறாள். "பச்சையை எதுக்கும்மா பாக்குற? சீக்கிரம்" என்று மேலாளர் தலையில் அடித்துக்கொள்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் எதற்கெல்லாமோ சொல்வார்கள். அந்த வீட்டில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

உறுதி செய்யாததால் அக்காவின் பெயர் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. மறுபடி மேலே ஏறி வருவதற்குள் அழுத்தம் மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது. டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார், கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "நரம்பு போயிருச்சும்மா. இனிமே கருவிழி வெச்சாலும் வேலைக்கு ஆகாது" என்றார். அக்கா அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களால ஆனதைப் பண்ணீங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

இப்போது அக்கா ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூட வேன்கள் போகும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, "அந்த வண்டிக்குப் பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, எவனும் பாக்க மாட்டேங்கறான்" என்று திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் ஒரே கதையைத்தான் சொல்வாள்.

"வந்த கண்ணைக் கோட்டை விட்டது நான்தான். என் தங்கச்சி அங்க எல்லாம் சரியா பண்ணி வெச்சிருந்தா. இந்தப் பாழாப்போன கண்ணுதான் பட்டனைக் காட்டாம சதி பண்ணிடுச்சு. எங்கயோ தப்பா அமுக்கித் தொலைச்சேன்."

தங்கை அடுக்களையில் நின்றுகொண்டு இதை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள். சொன்னால் தன் பாரம் இறங்கும், அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்வாள். அது நியாயமில்லை, பயம்தான் என்று அவளுக்கே தெரியும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னிக்கு அந்தப் பக்கம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. அதுல பட்டனே இல்ல. நீ தப்பா அமுக்கல. நான்தான் சரியா பாக்காம ஏத்துக்கிட்டேன். உன் கண்ணு இல்லக்கா, நான்தான்."

கீழே தெருவில் ஏதோ ஒரு வேன் நின்று ஹாரன் அடித்தது. ஒரு பிள்ளை ஓடிப்போய் ஏறும் சத்தம் கேட்டது. கதவு மூடி வண்டி கிளம்பும்வரை அக்கா அந்தப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் இவள் தாங்கியிருப்பாள்.

"அப்போ எனக்கு அன்னிக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"சரியாத்தான் தெரிஞ்சிருக்கு, இல்ல?"

"ஆமாக்கா," என்றாள் தங்கை.