ஆறு கிலோ

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வரைபடம் எவ்வளவு தடிமன் கேட்டாலும், நம் பங்குக்கு ஒரு தகடு கூடுதலாக வைத்துவிடுவோம். ஆழ்துளைக் கிணறு போடக் கண்காணாத ஊருக்குப் போகிற வண்டி அங்கே ஒடிந்து நின்றால் யார் ஓடுவது? கூட வைத்ததற்காக இதுவரை ஒருவரும் எங்களைத் திட்டியதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து வேலையையும் வாங்கினேன். எல்லையில், பனிமலை உச்சியில் கண்காணிப்புக் கேமராவைத் தாங்கி நிற்க ஒரு மடக்குக் கம்பம். வண்டி போகாத இடம். இரண்டு வீரர்கள் தோளில் தூக்கிப்போக வேண்டும். நாற்பது கிலோவைத் தாண்டக்கூடாது, சூறைக்காற்றில் சாயவும் கூடாது.

வடிவமைத்தவர் ஒரு பெண் விஞ்ஞானி, சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். ஏழு வருடமாக இந்த ஒரு கம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதற்கு முன் இரண்டு இடங்களில் செய்து பார்த்தும் சரிவரவில்லை. “இதுவும் தேறலைன்னா திட்டத்தை மூடிட்டு வெளிநாட்டுல வாங்கிக்குவாங்க சார்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இப்படி நேராகப் பேசுகிறவர்கள் எனக்குப் பிடிக்கும்.

வெல்டிங் எங்கள் மேஸ்திரியுடையது. இருபது வருடமாக அவர் வைத்த பற்று விட்டுப்போனதாக ஒரு புகார் வந்ததில்லை. ஒரு மாதம் வேறு எதையும் தொடாமல் அந்தக் கம்பத்தோடு கிடந்தார்.

எடை பார்த்த அன்று அவர் கொண்டுவந்த தராசு நாற்பத்தாறு காட்டியது. அம்மையார் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் சோதனை. நான் சும்மா இருந்தேனா? உங்கள் தராசு தப்பு என்று எகிறினேன். பக்கத்துக் கோழித்தீவனக் கடைத் தராசைத் தூக்கிவரச் செய்தேன். அதுவும் கூசாமல் நாற்பத்தாறு என்றது.

மேஸ்திரி முன்னால் வந்தார். “நாந்தானுங்க அம்மிணி. உள்ளார நாலு பட்டை எச்சா வெச்சேனுங்க. பட்டாளத்துப் பசங்க உசுருங்க. காத்துல மடங்கிப்போச்சுன்னா அந்தப் பாவம் நமக்கெதுக்குங்க?”

எனக்கும் அது தெரியும். அவர் வைத்தபோது பார்த்தேன், பெருமையாகக்கூட இருந்தது. ஆறு கிலோ எல்லாம் ஒரு எடையா? எங்கள் ரிக் வண்டியில் ஒட்டியிருக்கும் சேறே அதைவிடக் கூட இருக்கும்.

அம்மையார் இடத்தில் நான் இருந்திருந்தால் பட்டறையே அதிரக் கத்தியிருப்பேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நாளைக்குக் காலைல கோயில் மலைப்படி ஏறலாமாண்ணா?” என்று கேட்டார்.

கம்பத்தை வெளியே கொண்டுபோக அனுமதியில்லை. பழைய குழாய்களை நாற்பது கிலோவுக்கு ஒரு கட்டாகக் கட்டி, அதன் மேல் ஆறு கிலோ தகட்டைத் தனி மூட்டையாகச் சேர்த்தார். முன்பக்கம் மேஸ்திரி, பின்பக்கம் நான். கோயிலுக்கு வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள். பாதிப் படிக்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேஸ்திரியும் படிக்குப் படி நின்றார்.

அப்போது அம்மையார் அந்தச் சின்ன மூட்டையை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். “இப்ப நடங்க.” நடந்தோம். ஆறே கிலோதான், ஆனால் மூச்சு திரும்பி வந்தது. “நான் வீரர்களோட பனிமலை மேல போயிருக்கேண்ணா. அங்க காத்துல பாதி மூச்சுதான் கிடைக்கும். கம்பம் நிக்கறதுக்கு முன்னாடி அவங்க மேல போய்ச் சேரணும்ல?” என்றார். அவருக்கும் மூச்சு வாங்கியது. உச்சிவரை அந்த மூட்டையை எங்களிடம் கொடுக்கவே இல்லை.

கீழே இறங்கியதும் மேஸ்திரி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. “அறுத்துப்போடறேனுங்க” என்று நேரே பட்டறைக்குப் போனார். நான்கு நாளில் எல்லா இணைப்பையும் பிரித்து மறுபடி பற்றவைத்தார். தராசு நாற்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது.

சோதனை அன்று கம்பத்தின் உச்சியில் கயிறு கட்டி, செயின் பிளாக்கால் பக்கவாட்டில் இழுத்தார்கள். சூறைக்காற்று தள்ளும் அளவு இழுவை. கம்பம் வளைந்தது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். “பயப்படாதீங்கண்ணா, இவ்வளவு வளையும்னுதான் கணக்குப் போட்டிருக்கேன்” என்றார் அவர். கயிற்றை விட்டதும் அது நிமிர்ந்து பழையபடி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு வருடம் ஒருத்தி தாளில் போட்ட கணக்கை நம்பாமல், நாலு பட்டையை நம்பினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

குளிர்காலம் முடியும் சமயத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. மூன்று நாள் பனிப்புயலிலும் கம்பம் அசையாமல் நின்றதாம். இன்னும் செய்யச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டதாம். மேஸ்திரியிடம் கொடுக்கச் சொன்னார். எந்த வேலை அனுப்பினாலும் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்வி, தாங்கிச்சுங்களா என்பதுதான். அன்றும் அதைத்தான் கேட்பார் என்று நினைத்தேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கியவர் கேட்டார்: “ஏனுங்க அம்மிணி, தூக்கிட்டுப் போன பசங்களுக்குச் சுளுவா இருந்துச்சுங்களா?”