விளக்குமீனும் டெக் லைட்டும்

1. முதல் வலை

மீன் ஆய்வுக் கப்பலில் என் முதல் நாள். வின்ச் இயந்திரம் வலையைத் தூக்கியதும் டெக் லைட்டெல்லாம் பளிச்சென்று எரிந்தது. டிரேயில் விரல் நீளத்தில் கறுத்த மீன்கள். "இதுதான்யா விளக்குமீன். உடம்புல ஒளிப்புள்ளி எப்படி அமைஞ்சிருக்குன்னு பாத்து இனம் பிரி," என்றார் ஆய்வுத் தலைவர்.

கடல் இல்லாத ஊரான செக்காலையில் தச்சர் வீட்டில் பிறந்தவனுக்குக் கடலில் வேலை. பிரித்தேன், கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டேன். பல இனங்களில் வாலுக்கு முன்னால் மேல்பக்கம் ஒளிச்சுரப்பி இருந்தால் ஆண், கீழ்ப்பக்கம் இருந்தால் பெண். பகலில் ஆழத்தில் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே வரும். அரபிக்கடலில் ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரைப் பார்த்தால் கடல்தரையே எழுந்து வருவதுபோலத் தெரியும். அத்தனை கூட்டம்.

2. வீட்டுக்கு வந்த பாட்டில்

பல வருஷம் கழித்து, செதில் உதிர்ந்ததால் ஒதுக்கிய மீன் ஒன்றை, கேட்டு வாங்கி, பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி வள்ளி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டுப் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எரியலையேங்க."

"செத்தது எரியாது வள்ளி."

"உசுரோட எரியுறப்ப எப்புடி இருக்கும்? நீங்க பாத்திருக்கீகள்ல?"

 அத்தனை வருஷ சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. வலை ஏறும்போது வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் யாராவது வின்ச்சுக்குள் கையை விட்டுவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் மீனின் வெளிச்சம் எங்கே தெரியும்? அன்றிலிருந்து அந்த ஏக்கம் என்னை விடவில்லை.

3. கடைசிப் பயணம்

ஓய்வுபெறும் முன் போன பயணத்தில் ஆய்வுத் தலைவராக வந்தவர் ஒரு பெண், என் மகள் வயது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மேடம், வின்ச் நின்னதும் கொஞ்ச நேரம் லைட்டை அணைக்கலாமா?"

"எதுக்கு சார்?"

"நான் இன்னும் பாக்கல."

அவர் சிரிக்கவில்லை. மேலே கப்பலை ஓட்டும் அறைக்குச் சொல்லி அணைக்கவைத்தார். டிரேயில் ஒரே ஒரு மீன், வயிற்றோரமாய் நீலமாக மினுங்கியது. மறுபடி ஒருமுறை. பிறகு அணைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீலம் என்றேன், அடுப்புத் தீயின் நீலம் இல்லை என்றேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த வள்ளி, "இன்னொருக்கா போறப்ப என்னையும் கூட்டிப் போவீகளா?" என்றாள். நான் ஓய்வுபெற்றது அவளுக்கும் தெரியும்.

புதிதாகக் கப்பல் ஏறும் பிள்ளைகளே, புள்ளிகளைப் பிறகு பாருங்கள். முதல் பயணத்திலேயே லைட்டை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது யாரும் மறுக்கவே இல்லை.