முப்பது வருஷம் கழித்துக் கேட்ட துக்கம்

1957இல் சந்தனராஜ் கூட்டிய நாலாவது சமாதானக் கூட்டமும் சண்டையில்தான் முடிந்தது. யார் முதலில் கல்லெடுத்தது என்பதைத் தாண்டி ஒருவரும் பேசவில்லை.

குளத்தூர் பக்கத்து ஊர் அது. முப்பது வருஷத்துக்கு முன் மாதா சப்பரமும் அம்மன் தேரும் மேலத்தெருவில் எதிரெதிரே வந்து நின்றன. யாரும் வழிவிடவில்லை. கல்வீச்சில் இந்தப் பக்கம் சந்தனராஜின் அப்பா அடைக்கலராஜும், அந்தப் பக்கம் வியாபாரி உடையப்பனும் செத்தார்கள். அன்றிலிருந்து வேதக்காரர்கள், அதாவது ஊரின் கிறிஸ்தவர்கள், அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. சந்தனராஜின் மகள் மரிய செல்விக்கு ஆறு வயது. எதையும் பார்க்காத பிள்ளை, மேளச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறாள்! மேலத்தெருவுக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போகிறாள். அவளாவது இந்தப் பயத்திலிருந்து தப்ப வேண்டும் என்றுதான் அவர் அலைந்தார்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, 'பொருள்: சமாதானம்' என்று எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவார். மேலத்தெருவுக்கு மட்டும் தாளை ஆள்விட்டு அனுப்புவார். "பேசாம ஆபீஸையே இங்கிட்டு மாத்திருங்க" என்று மனைவி அருள்ராணி குத்திக்காட்டுவாள்.

கையெழுத்துப் போடாதவர் உடையப்பனின் மனைவி கண்ணம்மை ஒருவர்தான். ஆத்திரம் பொறுக்காமல், மேலத்தெரு முனையில் இருக்கும் அவர் வீட்டு வாசலுக்கே போய்க் காரணம் கேட்டார் சந்தனராஜ்.

"கூட்டத்துக்கு நாலு தடவ கூப்பிட்டீங்க தம்பி. எங்க வீட்டு எழவுக்கு ஒங்க தெருவுலேர்ந்து ஒரு ஆளு துக்கம் கேட்டு வந்துச்சா?"

எங்கப்பாவுக்கு நீங்க வந்தீங்களா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய், துக்க வீட்டில் உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்தார்.

"அய்யாவுக்கு எப்படி ஆச்சுங்க ஆத்தா?"

கண்ணம்மை சொன்னார். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்ததுவரை சொன்னார். மூக்கைச் சிந்திவிட்டு, "ஒங்கப்பாருக்கு?" என்றார். அதுவரை யாரிடமும் அழாத மனுஷன், விக்கி விக்கி அழுதார். எழுந்தவர் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது.

ஆனாலும் ஊர் மாறிவிடவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் காலை, மேலத்தெரு வழியாகவே பள்ளிக்கூடம் போகலாம் என்று அப்பா அழைக்க, மரிய செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணம்மை வீட்டு வாசல்வரை வந்தாள். அதற்குமேல் நகரவில்லை. இழுத்துப் பார்த்தார், அதட்டினார், அவருக்கே அழுகை வந்தது.

"புள்ளைய இழுக்காதீங்க. கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் கண்ணம்மை.

நின்றார்கள். பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது. அன்றும் கண்மாய்க் கரை வழியாகத்தான் போனார்கள்.