குறி தப்பாத துப்பாக்கி

ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டு டிவியில் நான் ஒரு பாட்டைக்கூட உருப்படியாகப் பார்த்ததில்லை. காரணம் என் நைனா. பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டியை வாங்கிவந்து, எனக்குத்தான் என்றார். காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு எதற்கு இது என்று அம்மா கேட்டதை அவர் காதிலேயே வாங்கவில்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஆரஞ்சு நிறத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்தான். அதன்பின் அது என் கைக்கு வந்தது ரிப்பேருக்குக் கொண்டுபோக மட்டும்தான்.

கேசட்டைச் செருகினால் திரையில் ஒரு புல்வெளி வரும். புதருக்குள்ளிருந்து வாத்து கிளம்பும். துப்பாக்கியை டிவியைப் பார்த்து நீட்டிச் சுட வேண்டும். பட்டால் வாத்து பொத்தென்று விழும், படாவிட்டால் பறந்துவிடும். ஒரு ஆட்டத்துக்குப் பத்து வாத்து. ஐம்பது வயது தாண்டிய மனிதர், ஹார்பர் வேலை எடுக்கிற ஒரு கான்டிராக்ட் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முட்டியை ஊன்றி வாத்து சுடுவார். தீவுத்திடல் பொருட்காட்சியில் காசு போட்டுச் சுடுகிற மெஷினைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு இந்தப் பைத்தியம் என்று அம்மா சொன்னாள்.

ஆரம்பத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது விழுந்தது. நாலைந்து மாதத்தில் அது ஐந்தாகி, மூன்றாகி, ஒருநாள் ஒன்றுகூட விழவில்லை. குற்றம் அவர் மேலா? அதெப்படி இருக்கும்! வோல்டேஜ் சரியில்லை என்றார். அம்மா மீன் வறுக்கிற புகை திரையை மறைக்கிறது என்றார். நான் பின்னால் நடந்தேனாம், அதில் குறி தப்பியதாம். "தெருவாண்ட போய் நட. இங்க இன்னாத்துக்கு ஒலாத்திகினு கீற?" என்று விரட்டினார். பத்துக்குப் பத்து அடி அறையில் நான் வேறெங்கே நடப்பது?

உண்மையான காரணம் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவருடைய வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் தேவையில்லை என்று எழுந்து வந்துவிட்டார். அவருடைய கவலையெல்லாம் வேலையிடத்தில் வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனை பற்றித்தான். அதில் தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். "கேட்டாண்ட குந்திகினு லாரி நம்பர் எய்துறதுக்கா நானு இத்தினி வருசம் மேல ஏறுனேன்?" என்பார்.

இதற்கு அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தார். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தால் புரை தானாகக் கரைந்துவிடுமாம். பயிற்சி என்றால் வாத்து. என்றைக்குப் பத்துக்குப் பத்து விழுகிறதோ அன்றைக்குக் கண் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இந்த அறிவை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? ஆபரேஷன் செய்துகொண்டால் திரும்பவும் கிரேன் ஏறலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரிதான். துப்பாக்கியைச் சரிபண்ணிக்கொண்டு வா என்பது மட்டுமே அவர் பேச்சாக இருந்தது.

தொல்லை தாங்காமல் தேரடிப் பக்கம் இருந்த ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பிரித்து, குழலுக்குள்ளிருந்து பட்டாணி அளவு லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். உப்புக் காற்றில் அது வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

"இது இருந்தாதாம்மா குறி பாக்கும். வேற கெடைக்காது, கயட்டி வுட்டுட்டேன். இனிமே டிவி பக்கமா காட்டுனா போதும், அல்லாமே வுயும்" என்றார். சுடும்போது திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாக மின்னுமாம். துப்பாக்கி பார்ப்பது அந்த வெள்ளையைத்தானாம். லென்ஸ் இல்லாததால் திரையில் எந்த மூலையில் மின்னினாலும் பட்டதாகவே எடுத்துக்கொள்ளும் என்று விளக்கமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பத்துக்குப் பத்து விழுந்தது. மறுநாளும் பத்து. "பாத்தியா, கண்ணு தெளிஞ்சிகினு வருது" என்று அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து காட்டினார். வீட்டில் கத்தல் நின்றது. எனக்கும் பரீட்சைக்குப் படிக்க முடிந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. ஆஸ்பத்திரிப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பரிசோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோஸ்து வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிற சிக்னல்மேன். அவருக்குப் பரிசோதனை முடிந்திருந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவர் டாக்டர் மாட்டியிருக்கிற அட்டையின் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அடுத்துப் போகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பார். தோஸ்து வரி வரியாகச் சொல்ல, நைனா சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒப்பித்தார். என்னை எத்தனை முறை ஒழுங்காகப் படி என்று திட்டியிருப்பார்!

நாலு வரியும் தப்பில்லாமல் வந்ததும் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதெல்லாம் சும்மா ஒரு சேப்டிக்குத்தான் மாமு. எனக்குக் கண்ணு கிளியராயிட்சி" என்றார்.

தோஸ்து சிரித்துவிட்டார். "கிளியராயிட்சா? அப்பால இன்னாத்துக்கு நானு ரெண்டு மாசமா கையில செவப்புத் துணி சுத்திகினு சிக்னல் காட்டிகினு கீறேன்? கை தெரிலன்னு நீதான சொன்ன?"

எனக்கு அத்தனை கோபம் வந்தது. கொக்கியில் டன் கணக்கில் இரும்பு தொங்குகிறது, அதற்கடியில் நிற்கிற ஆளே மேலே இருக்கிறவருக்குத் தெரியவில்லை, நிற்கிற ஆளோ அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இரண்டு பேருக்கும் மூளை என்று ஒன்று இருக்கிறதா? எழுந்துபோய் டிவியைப் போட்டேன். துப்பாக்கியை நைனா கையில் திணித்தேன்.

"கண்ண மூடிக்கினு சுடு நைனா."

"இன்னாமே வெளாட்டு இது?"

"மூடு சொல்றேன்."

என் குரலைக் கேட்டு மூடிக்கொண்டார். சுட்டார். பொத்தென்று சத்தம். இன்னொன்று. பொத். தோஸ்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாத்து விழுந்தபோது நைனா தானாகவே கண்ணைத் திறந்துவிட்டார். லென்ஸ் கதையைச் சொன்னேன். இரண்டு மாதமாக எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தோஸ்தையே பார்த்தார். "நீதானடா கீய நிக்கிற" என்றார்.

"எனக்கு இன்னாடா ஆவப்போவுது? நீ பேஜாராவாத. அட்டைதான் மனப்பாடமா கீதே" என்றார் தோஸ்து.

இரண்டு நாள் நைனா என்னிடம் பேசவில்லை. அம்மா என்னைத்தான் திட்டினாள், அப்போதே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று. பரிசோதனை நாளன்று அவர் காலையிலேயே கிளம்பிப் போனார். போகும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது. எழுத்துகளைத்தான் ஒப்பிக்கிறார், இந்த மனிதரைத் திருத்தவே முடியாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியமே திரும்பிவிட்டார். சட்டையைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"மொத எய்த்து பெருசா இருந்திச்சி, தெரிஞ்சிது. மூணாவது வரி இன்னான்னு கேட்டாரு. அப்டியே வாயாண்ட வந்திச்சி" என்றார். ஒரு மிடறு குடித்தார். "தெரில சார்னுட்டேன். கிரேன் சாவிய வாங்கிக்கினாங்கோ."

ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த திட்டுகளில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சின்னக் குரலில், அம்மாவுக்குக் கேட்காதபடி என்னிடம் கேட்டார்.

"ஆபரேசன் ரொம்ப வலிக்குமா கண்ணு?"