குட்டை, நெட்டை, குட்டை

என் வீட்டுக்காரருக்கு விரல் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் ஓரத்தில், பேருந்தில் ஏறினால் முன்சீட்டுக் கம்பியில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தட்டிக்கொண்டிருப்பார். ஒரு சின்னத் தட்டு, ஒரு நீண்ட அழுத்தல், மறுபடி ஒரு சின்னத் தட்டு. குட்டை, நெட்டை, குட்டை. கல்யாணமான புதிதில் ஏதோ நரம்புக் கோளாறு என்று பயந்துபோய் மாமியாரிடமே கேட்டேன். "பட்டாளத்துலேர்ந்து திரும்பி வந்த நாளா இப்படித்தான்மா, நீ கண்டுக்காதே" என்றார். நாற்பது வருஷம் கண்டுகொள்ளாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

ராணுவத்தில் அவருக்குத் தந்தி வேலை. குட்டைத் தட்டும் நெட்டைத் தட்டுமாகச் சேர்த்துத்தான் செய்தி போகுமாம். குட்டை, நெட்டை, குட்டை என்றால் 'கிடைத்தது' என்று அர்த்தம். செய்தி கிடைத்தவன் அதைத் தட்டியே ஆக வேண்டும். அது வரும்வரை எதிர்முனையில் இருப்பவன் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பான், நிறுத்தக் கூடாது. அது அவர்கள் தொழில் கட்டுப்பாடு.

எதிர்முனையில் ஒருவன் இருந்தான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுகிற மாதிரி தட்டும் மாறுமாம். இவன் கடைசி நெட்டையை விட மனசில்லாதவன்போல இழுப்பானாம். அதனால் இவர் வைத்த பெயர் இழுவை. இரண்டு வருஷம் தினமும் பேசிக்கொண்டார்கள், விரலாலேயே.

போரின் கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம் இழுவை தட்டினான்: 'உடனே வெளியேறு.' இவர் கூட இருந்த நாலு பேரை முதலில் வெளியே துரத்திவிட்டு, பதில் சொல்லக் கருவியில் கைவைத்திருக்கிறார். அதற்குள் வெளியே தந்திக் கம்பம் விழுந்துவிட்டது. கருவி செத்துப்போயிற்று. இவர் ஓடினார். திரும்பிப் பார்த்தபோது இவர்கள் வேலை பார்த்த கொட்டகை இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். பதில் மட்டும் போகவில்லை.

"நான் செத்துட்டேன்னு நினைச்சிருப்பான் டீச்சர்" என்பார் என்னிடம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர், வீட்டிலும். அவனைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'கிடைத்தது' என்று சொல்லிவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசையே கிடையாது. எந்தெந்த அலுவலகத்துக்கோ கடிதம் எழுதினார். பழைய பதிவேடுகள் இல்லை என்று ஒரே பதில். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். என் பிறந்தநாள் மறந்துபோகும், இழுவையின் இழுப்பு மட்டும் மறக்காது. சக்களத்திக்கு மீசை இருக்கும் என்று எந்தப் பெண்ணாவது நினைத்துப் பார்த்திருப்பாளா?

ராணுவத்துக்குப் பிறகு நகராட்சி நீரேற்று நிலையத்தில் வேலை. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். குண்டுச் சத்தத்தில் அடிவாங்கிய காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானபோது வெளியே சொல்லவில்லை, கள்ளன். மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பிடித்தே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிட்டார்.

வருஷா வருஷம் நகர மண்டபத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு நடக்கும். பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பூ கொடுத்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்பார்கள். இவர் பூவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, முன்வரிசைகளில் ஒவ்வொரு மேஜையாகப் போய்த் தட்டுவார். தந்தி தெரிந்த ஒரு சிலர் பதிலுக்குத் தட்டுவார்கள். இவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். "இவன் இல்லை." இருபத்தோரு வருஷம் இதே கூத்து. திரும்பி வரும்போது பூ என்னிடம் வந்துவிடும். "எனக்கெதுக்கு நன்றி? என்னைக் காப்பாத்தினவனுக்கு இல்ல குடுக்கணும்."

போன மழைக்காலத்தோடு இரண்டு காதும் முழுசாகப் போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் அவரோடு பேச்சு. இந்த வருஷம் அழைப்பிதழ் வந்தபோது மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டார்.

"காதே போனப்புறம் அங்க போய் என்னத்தைக் கேக்கறது? விடு. அவன் கிடைக்க மாட்டான்."

அப்படிச் சொல்லும்போதும் விரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. அழுதால் இவர் எதிரில் அசிங்கம். சிலேட்டை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'வாயை மூடிக்கொண்டு சட்டையை மாட்டுங்கள்.'

மண்டபத்தில் விழாச் செயலாளரை மடக்கினேன். "ரெண்டு நிமிஷம் மைக் வேணும்."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லீங்களே டீச்சர்."

"என்கிட்ட வாய்ப்பாடு படிச்சவன்தானே நீ? நகரு."

ஏறிப் பேசினேன். கொட்டகை, கம்பம், 'உடனே வெளியேறு', போகாத பதில், கடைசி நெட்டையை இழுக்கும் கை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த மனிதர் இங்கே இருந்தால் தயவுசெய்து கையைத் தூக்குங்கள் என்றேன். முன்வரிசையில் ஒரு கையும் எழவில்லை. மானம் போனாலும் பரவாயில்லை என்று இன்னொரு முறை கேட்டேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இறந்தவர்களின் குடும்பங்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். இத்தனை வருஷத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பதக்கப் பெட்டி. நான் இறங்கி ஓடினேன்.

"அப்பா போன வருஷம் தவறிட்டாரும்மா. அவர் இந்த விழாவுக்கெல்லாம் வரவே மாட்டார். நாங்க எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்துட்டோம். 'அஞ்சு பேரைச் சாகவிட்டவனுக்கு எதுக்கும்மா பூவு, பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னுதான் அர்த்தம்'னு சொல்லிடுவார்."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்து, ஒன்றரை மணி நேரம். ஐயோ, பாவிகளா. ஒருவர் தேடித் தேடி இங்கே வந்துகொண்டிருக்கிறார். இன்னொருவர் இவரைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவளை இவரிடம் அழைத்துவந்தேன். சிலேட்டை எடுத்தேன். என்ன எழுதுவது?

"அப்பாவுக்குக் கடைசி மாசமெல்லாம் பேச்சு இல்லம்மா" என்றாள் அவள். "என் கையைப் பிடிச்சு ஒரே மாதிரி தட்டிக்கிட்டே இருப்பார். என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா மறக்கலை." யாரிடமும் கேட்டுக்கொண்டெல்லாம் இருக்கவில்லை, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தாள்.

இவர் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு மோட்டார் மேல் கைவைத்த நாட்களைப்போலக் கண்ணை மூடினார். 'உடனே வெளியேறு' என்று உதடு முணுமுணுத்தது. அவள் விரல் கடைசியில் ஒரு முறை அழுந்தி, நின்று, நின்று, மெதுவாக எடுபட்டது.

"இழுவை!" என்று கத்திவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "எங்க அவன்? டீச்சர், எங்க?"

எழுதினேன். 'இது அவர் மகள். அவர் போன வருஷம் போய்விட்டார்.'

படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். பிறகு உட்கார்ந்தார். அந்தப் பெண் மறுபடி தட்டத் தொடங்கியிருந்தாள், அவளுடைய அப்பா செய்த மாதிரியே, முடித்து முடித்து முதலிலிருந்து. இவர் சட்டைப் பையில் இருந்த இந்த வருஷத்துப் பூவை எடுத்து அந்தப் பதக்கப் பெட்டியின் மேல் வைத்தார். அவளுடைய கையைத் திருப்பி, உள்ளங்கையில் தட்டினார். குட்டை, நெட்டை, குட்டை.

"இது என்னம்மா?" என்றாள் என்னிடம்.

"'கிடைச்சுது'ன்னு அர்த்தம் கண்ணு."

அவள் விரல் நின்றது. இவர் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்" என்றார். "நிறுத்திட்டான்."